ஒரு முழத்துக்கு ஒரு தழும்பு

அக்டோபர் 1, புதன்

காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவன், அதோடு சும்மா கொடுக்கிற புத்தியை மட்டும் வாங்க மாட்டான். முப்பது வருட வியாபாரத்தில் நான் கண்டது இது.

இன்று ஆயுத பூசை. மதுரையிலிருந்து பல் டாக்டர் சேதுநாராயணன் ஜீப்பை எடுக்க வந்திருந்தார். புது வின்ச் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். சேற்றில் புதைந்த வண்டி, எதிரே இருக்கிற மரத்தில் ரோப்பைக் கட்டி, மோட்டாரால் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்கான சாமான். அசட்டையாகப் பிடித்தால் ஆளைத் தின்றுவிடும். அதனால் யாருக்கு விற்றாலும் நானே பக்கத்தில் நின்று சொல்லித்தான் அனுப்புவேன். கையுறை இல்லாமல் ரோப்பைத் தொடாதே. ரோப்பு சுற்றியிருக்கிற டிரம்மில் எட்டுப் பத்துச் சுற்றாவது மிச்சம் வை. மரத்தில் நேராகக் கொக்கியைப் போடாதே, அகலப் பட்டையைச் சுற்றி அதில் மாட்டு. இழுக்கும்போது ரோப்பின் மேல் கனமான சாக்கைப் போட்டு வை, அறுந்தாலும் துள்ளாது. ரோப்பைத் தாண்டாதே. இழுக்கும்போது ஒருத்தன்தான் சொல்ல வேண்டும், மற்றவன் வாயை மூட வேண்டும். முக்கியமாக, வண்டிக்குக் கீழ்ச்சரிவில் ஒரு ஈ காக்கை நிற்கக் கூடாது.

டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே "ம்... ம்..." என்றார். அவருடைய டிரைவர் கொடியரசன்தான் பக்கத்தில் வந்து நின்று கேட்டான். எங்கள் ஊர்க்காரன், கொடி என்றுதான் கூப்பிடுவோம். ஏலத்தோட்ட ஜீப் ஓட்டிப் பழகியவன்.

இந்த வருடம் கம்பி ரோப்பை விட்டுப் புது வகை நார் ரோப்புக்கு மாறிவிட்டேன். பார்க்க நைலான் கயிறு போல இருக்கும், இழுவை கம்பிக்குச் சமம். அறுந்தால் கம்பி மாதிரிச் சாட்டையடி அடிக்காது. கம்பி அறுந்து ஒருத்தன் தாடை போனதை என் லாரி காலத்தில் கண்ணால் பார்த்தவன் நான். லாபமும் இதில் கூடுதல், அதையும் மறைக்கவில்லை.

ஏழு வண்டி ஒரே நாளில் டெலிவரி. கழுவி, பொட்டு வைத்து, டிரம்முக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். பூசையை மட்டும் வேறு யார் கையிலும் விட மாட்டேன். இருபது வருடமாக என் கைதான், கைராசி என்று ஊரே சொல்லும்.

அக்டோபர் 5, ஞாயிறு

நான்கு மணிக்குக் கொடியரசன் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். ஊத்துப்பாறை மேட்டில் டாக்டர் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. மேலே இருந்த சவுக்கு மரத்தில் கட்டி இழுத்திருக்கிறார்கள். பாதி ஏறும்போது ரோப்பு அறுந்துவிட்டது. ஜீப் பின்னாலேயே சறுக்கி, டாக்டர் வலது மணிக்கட்டைப் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டது.

"டாக்டர் எங்கப்பா நின்னாரு?"

"பின்னாடிண்ணே. டயருக்கு முட்டுக் குடுக்கக் கல்லைத் தூக்கிட்டு வந்தாரு."

கீழ்ச்சரிவில் நிற்காதே என்று சொன்னேனா இல்லையா? தமிழில்தானே சொன்னேன்? பல் பிடுங்கும்போது அவர் சொல்வதை நாம் கேட்காமல் வாயை மூடினால் விடுவாரா? படித்தவன் என்றால் பாறை மரியாதை கொடுத்து விலகுமா?

பாவம். வலது கை. பல் டாக்டருக்கு அதுதான் எல்லாம்.

அக்டோபர் 6, திங்கள்

மலை ஏறுகிற ஜீப்காரர்களின் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து என் மானம் பறக்கிறது. "போடியில் ராசாங்கம் கடை வின்ச் மாட்டியவர்கள் உடனே கழற்றுங்கள். டூப்ளிகேட் ரோப்." போட்டவன் டாக்டரின் மச்சினன். அவனுக்கு ரோப்புக்கும் அரைஞாண் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியுமா?

பழைய இரும்புக் கடையில் கிரீஸ் துடைத்த கை இது. ஒரு டூப்ளிகேட் பேரிங் விற்றதில்லை. என்னையா?

பொறுக்க முடியாமல் நானும் பேசிப் போட்டேன். "ரோப்பு ஒரிஜினல். இழுத்தவன் கையில் கோளாறு. ரோப்பை வெளியே விடும்போது கையால் உருவி விடணும். சோம்பேறித்தனமாக மோட்டாரை ஓட்டியே விட்டால் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் கொதிக்கும், ரோப்பு உருகும். டிரைவர் கொடியரசன் அதைத்தான் செய்திருப்பான். கடையைச் சொல்லாதீர்கள், கையைச் சொல்லுங்கள்." ஒன்றே முக்கால் நிமிடம். அறுபது பேருக்கு மேல் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டில் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டார்களாம்.

இப்போதுதான் சோறு இறங்கியது.

அக்டோபர் 7, செவ்வாய்

கொடியரசன் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் மோட்டாரை ஓட்டி விட்டதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாப்பா? ஒரிஜினல் ரோப்பு வேற எப்படி அறும்?"

"கையால உருவித்தான் விட்டேன். கையுறை போட்டுத்தான் விட்டேன். சாக்குப் போட்டேன். டாக்டர் பின்னாடி வரும்போது 'வராதீங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன்."

"எல்லாம் ஒழுங்காச் செஞ்சா எப்படிப்பா அறும்? உண்மையைச் சொல்லு. மோட்டாரை ஓட்டுனியா?"

நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் ஒரே பதில். டாக்டர் மச்சினன் ஸ்டேஷனில் இவன் மேல் மனுக் கொடுத்திருக்கிறான். கொடியைத் தினம் வரச் சொல்லி உட்கார வைக்கிறார்கள். டாக்டர் வீட்டு வேலை போய்விட்டது. ஸ்டாண்டில் யாரும் வண்டி கொடுக்கவில்லை.

"உங்க வாய்ஸ் கேட்டுட்டுத்தாண்ணே தரமாட்டேங்குறாங்க. தீவாளி சீசனு. இந்த மூணு வாரம் ஓட்டுனாத்தான் எனக்கு வருசம் ஓடும்." பிறகு சொன்னான்: "ரோப்பு ஸ்டேஷன்லதான் கெடக்கு. நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு என் மேல தப்புன்னா நானே ஒத்துக்கிறேன்."

சவாலா விடுகிறான்? நாளைக்கே வருகிறேன் என்றேன். பிரேக் சூட்டில் உருகியிருந்தால் டிரம்மை ஒட்டின அடிச்சுற்றில்தான் உருகியிருக்கும். மச்சினன் முகத்திலும் இவன் முகத்திலும் ஒரே நேரத்தில் காட்டிவிடுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

ஏட்டு நல்ல மனுஷன். ரோப்பை ஒரு உரச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். முற்றத்தில் கொட்டி நீளமாக விரித்தேன்.

அடிச்சுற்றுப் பகுதி புதுசு போல மெத்தென்று இருந்தது. உருகல் எதுவும் இல்லை. பிரேக் சூடாகவே இல்லை.

அறுந்தது கொக்கிப் பக்கம், ரோப்பைச் சுருட்டினால் டிரம்மில் மேலாக வருகிற சுற்று. அறுந்த முனை கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு தழும்பு. இன்னொரு முழம் தள்ளி அடுத்தது. அதற்கடுத்து இன்னொன்று. அறுந்த இடத்தோடு நாலு. சுருட்டிப் பார்த்தால் நாலும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன, ஒரு ரூபாய் அகலத்துக்கு. நகத்தால் சுரண்டினேன். உருகி இறுகின நாருக்கு உள்ளே சிவப்பாக ஏதோ இருந்தது.

"என்னண்ணே தெரியுது?" என்றான் கொடி.

"வெளிச்சம் பத்தலைப்பா."

அப்போது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்டோபர் 9, வியாழன்

கடைக்குப் போகவில்லை. இடுப்பு வலி.

அக்டோபர் 10, வெள்ளி

இப்போது வருகிற சூடம் சூடமே இல்லை. அந்தக் காலத்தில் கொளுத்தினால் பூப்போல எரிந்து காற்றோடு போகும். இப்போது மெழுகைக் கலந்து விற்கிறான்கள். எரிந்து முடிகிற வரைக்கும் அடுப்புச் சூடு. கேட்பாரில்லை.

ரோப்புக் கம்பெனிக்காரன் அவனுக்கு மேல். பெட்டிக்குள் நாலாக மடித்த தாளில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்து வைத்திருக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரை மணி ஆயிற்று. தீப்பக்கம் கொண்டுபோகாதே, கொதிக்கிற தண்ணீர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே உருகும் என்று எட்டாவது வரியில் இருக்கிறது. எட்டாவது வரியில்! முதல் வரியில் போட்டால் மை தீர்ந்துவிடுமா? தமிழ்நாட்டில் விற்கிறாயே, நாங்கள் வண்டிக்கு என்ன செய்வோம் என்று ஒரு நாள் வந்து பார்த்தாயா?

கம்பி ரோப்பில் இருபது வருடம் வைத்தேன். ஒன்றும் ஆனதில்லை.

அக்டோபர் 11, சனி

தவமணி இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளாக, அவள் எதிரே உட்கார்ந்தால் எனக்கு நல்ல சேதி வந்ததில்லை.

"ரெண்டு நாளா இடுப்பு வலிங்குறீங்க, குனிஞ்சு அலமாரிக்கு அடியில அந்த ரோப்புப் பெட்டித் தாளைத் தேடுறீங்க. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"டாக்டரு வண்டிக்கு டிரம்மு மேலதானே வெத்தலையில சூடம் வச்சீங்க? நாந்தானே வெத்தலை எடுத்துக் குடுத்தேன். வெத்தலை கருகி ஒட்டிக்கிச்சுன்னு நீங்கதானே ஈரத்துணியால தொடச்சீங்க?"

"ஊரே வைக்குது. நான் மட்டுமா?"

"ஊரு வைக்கட்டும். அந்த டிரைவர்ப் பையன் பொண்டாட்டி நேத்து ரேசன் கடையில என்னையப் பாத்து மொகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் என்ன பாவம் பண்ணேன்?"

இட்லி வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டரின் மச்சினன் போன் செய்தான். குரலில் தேன் ஒழுகியது.

"அண்ணாச்சி, கேஸுன்னு எங்களாலயும் அலைய முடியாது, விசயத்தை முடிச்சுக்கிறோம். டிரைவர் கவனக்குறைவுன்னு அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுருவான். நாங்க மனுவை வாபஸ் வாங்கிருவோம். உங்க கடைப் பேரே வராது. குரூப்ல போட்டதையும் அழிச்சிர்றேன்."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"வேற வழி? தினம் ஸ்டேஷன்ல உக்கார முடியுமா? செவ்வாக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து."

இதை நானாகக் கேட்கவில்லை. தானாக நடக்கிறது. எல்லாருக்கும் நல்லதுதானே?

அக்டோபர் 13, திங்கள்

நல்லதில்லை. இன்னும் ஆறு வண்டி இருக்கிறது.

அதே நாள், அதே கை, அதே சூடம். ஆறு ஜீப்பும் மலையில் சுற்றுகிறது. இருபதாம் தேதி தீபாவளி, லீவு விட்டதும் எல்லாம் மேலே ஏறும். மழையும் பிடித்துவிட்டது, சேறு இல்லாத இடம் இல்லை.

காலையில் ஆறு பேருக்கும் போன் போட்டேன். "கம்பெனி ஆஃபர், பழைய ரோப்பைக் கொடுத்தால் புது ரோப்பு இலவசம், இன்றே வாங்க" என்றேன். ஒருத்தனும் அசையவில்லை. "ஆஃபர் எங்க ஓடிப் போகுது, தீவாளி கழிச்சு வர்றேண்ணே" என்கிறான்கள். இலவசம் என்றால் விழுந்தடித்து வருவான்கள் என்று இத்தனை வருடம் நம்பிக் கடை நடத்தியிருக்கிறேனே!

முந்தல் பக்கத்து ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுகிற பாண்டீசுவரன் சிரித்தான். "எதுக்குண்ணே மாத்தணும்? உங்க ரோப்பு தங்கம். சனிக்கிழமைகூட ரெண்டு தடவ இழுத்தோம். காயெடுக்கிற பொம்பளையாளுக பதினாலு பேரு உள்ள."

"இறக்கி விட்டுட்டு இழுத்தியா?"

"மழையிலயாண்ணே? உள்ளயேதான்."

போனை வைத்த பிறகு ஒரே சாமானுக்கு இரண்டு பில் போட்டுவிட்டேன். சர்க்கரை ஏறியிருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்தே முக்காலுக்கு ஸ்டேஷன் போனேன். டாக்டர் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். மச்சினன் எழுதிக் கொண்டுவந்த தாளை ஏட்டு படித்துக்கொண்டிருந்தார். கொடி சுவரோரம் நின்றான், கையில் பேனா.

"அந்தப் பேனாவை வைடா" என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

மச்சினன் எழுந்தான். "அண்ணாச்சி, உங்களுக்குச் சாதகமாத்தானே..."

"எனக்குச் சாதகம் நீ என்னடா பாக்குறது? ஏட்டையா, அந்தச் சாக்கைக் கொட்டுங்க."

கொட்டினார்கள். நாலு தழும்பையும் டிரம்மில் சுற்றுவது போலச் சுற்றிக் காட்டினேன். பிளேடு வாங்கி ஒன்றை நறுக்கினேன். உருகின நாருக்குள் குங்குமம். மேலே ஒட்டினதில்லை, உள்ளே. குங்குமம் வைத்த பிறகு உருகியிருக்கிறது.

"ரோப்புக்கு எந்த டிரைவர்யா குங்குமம் வைக்கிறான்? நான் வச்சேன். அது மேல வெத்தலை வச்சு, சூடம் வச்சுக் கொளுத்துனதும் நான்தான். புது ரோப்பு தீக்கு ஆகாது. பெட்டியிலேயே எழுதியிருக்கு. நான் படிக்கல. போதுமா? இன்னும் என்ன வேணும்?"

என் கோபத்தைப் பார்த்தால் அவர்கள்தான் என் கையைப் பிடித்துச் சூடம் வைக்கச் சொன்னது போல இருந்திருக்கும்.

டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கொடி கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. ஒரு கல்லு வைக்கிறதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு நான்தான் போனேன்." மச்சினனைப் பார்த்து, "அந்தத் தாளைக் கிழிச்சிடு" என்றார். வைத்தியச் செலவு என்னுடையது என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். அந்தக் கை பழையபடி ஊசி பிடிக்குமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கொடி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"புதன்கிழமையே பாத்துட்டீங்கள்ல?"

நான் ரோப்பைச் சாக்கில் திணிக்க ஆரம்பித்தேன்.

"வெளிச்சம் பத்தலைன்னீங்க."

அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். வெளியே போய்விட்டான்.

ஸ்டேஷன் வாசலிலேயே நின்று குழுவில் எல்லாவற்றையும் பேசிப் போட்டேன். பிறகு ஆறு பேருக்கும் போன். இந்தத் தடவை ஆஃபர் இல்லை. "என் தப்பால உன் ரோப்பு வெந்துபோயிருக்கு, தொடாதே" என்றேன். ஒரு மணி நேரத்தில் நாலு வண்டி வாசலில் நின்றது.

அக்டோபர் 15, புதன்

ஆறும் வந்துவிட்டது. ஐந்தில் தழும்பு. பாண்டீசுவரன் ரோப்பில் மூன்று இடம், ஒன்றில் பாதி நார்கூட இல்லை. வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. அவன் ஒடிந்த முனையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பதினாலு பேருண்ணே" என்றான். தெரியும் என்றேன். ஆளை ஏற்றிக்கொண்டு இழுத்ததற்கு அவனைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். திட்டவில்லை.

ஐந்து ரோப்பையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டு துண்டாக நறுக்கினேன்.

அக்டோபர் 16, வியாழன்

கொடி வந்தான். இன்றும் உட்காரவில்லை.

"ஸ்டாண்டுல இன்னும் வண்டி தரலண்ணே."

"குரூப்ல பேசிப் போட்டேனேப்பா! கேக்கலையா?"

"மொதப் பேச்சை ஒருத்தன் போட்டான், பத்துப் பேரு சுத்தி நின்னு கேட்டான். ரெண்டாவதை எவன் போடுவான்? ஒருத்தன் கெட்டான்னாத்தான் கூட்டம் சேரும். பாதிப்பேருகிட்ட பட்டன் போனு. பேப்பர்ல எழுதிக் குடுங்க. ஸ்டாண்டு போர்டுல ஒட்டணும்."

எழுதினேன். புது வகை ரோப்பின் தன்மை, கம்பெனி செய்த தவறு, கலப்படச் சூடம், இருபது வருட அனுபவம் எல்லாம் வருகிற மாதிரி முழுப்பக்கம். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல கம்பெனிக்காரன் இருக்கான், சூடக்காரன் இருக்கான். நீங்க எங்க இருக்கீங்க? நான் எங்க இருக்கேன்?"

இரண்டாவது அரைப்பக்கம். அதையும் கொடுத்தான். "அண்ணே, நீங்க என்னையத் திட்ட ஒண்ணே முக்கா நிமிசம் ஆச்சு. அதுல சூடக்காரன் வரல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருடம் கடை நடத்துகிறவனை ஒரு டிரைவர் நிற்க வைத்து இம்போசிஷன் வாங்குகிறான்! "வெளிய போடா" என்று நாக்கு நுனி வரை வந்தது. தவமணி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "இன்னொரு தாள் வேணுமா?" என்றாள்.

வேண்டும் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஏழு மணிக்கு நானே பசையும் தாளுமாக ஸ்டாண்டுக்குப் போய் ஒட்டினேன். எழுதியது இவ்வளவுதான்:

"ஊத்துப்பாறை மேட்டில் டாக்டர் ஜீப்பின் ரோப்பு அறுந்ததற்கு டிரைவர் கொடியரசன் காரணம் இல்லை. நான்தான் பூசை போடும்போது ரோப்பின் மேல் சூடம் கொளுத்திக் கெடுத்தேன். அவன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். தெரிந்த பிறகும் ஆறு நாள் வாயை மூடியிருந்தேன். நார் ரோப்பு வைத்திருக்கிறவர்கள் தீயைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ரோப்பை விரித்து, விரலால் தடவிப் பாருங்கள். இறுகின இடம் இருந்தால் இழுக்காதீர்கள். — ராசாங்கம்."

ஒட்டிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். டீக்கடையிலிருந்து ஒருத்தன் டம்ளரோடு வந்து வாசித்தான். பிறகு நாலு பேர். எழுத்துத் தெரியாத ஒருத்தருக்கு இன்னொருத்தன் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினான், என் பேர் வந்த இடத்தில் இன்னும் சத்தமாக. ஒருத்தன் சிரித்தான். திரும்பி என் வண்டியைப் பார்த்தான். நான் கண்ணாடியை ஏற்றவில்லை. எதற்கு ஏற்ற வேண்டும்?

கொடி கூட்டத்துக்கு வெளியே நின்றான். போர்டுப் பக்கம் போகவே இல்லை. வாசித்து முடித்த தோட்ட ஓனர் ஒருவர் அவனிடம் வந்து ஏதோ சொன்னார். கொடி ரொம்ப நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். ஓனர் சாவியைக் கொடுத்தார்.

கிளப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தான். குனிந்து நாலு டயரையும் பார்த்தான். வின்ச் ரோப்பைக் கடைசி வரைக்கும் உருவி, அவசரமே இல்லாமல், அங்குலம் அங்குலமாக விரலால் தடவிப் பார்த்துச் சுற்றினான். கம்பி ரோப்புதான். என்னிடம் வாங்கியதுகூட இல்லை. ஏறி உட்கார்ந்து, என் வண்டியைத் தாண்டி மலைப்பக்கம் போனான். என்னைப் பார்க்கவில்லை.